எல்லை வகுப்போரும் எல்லைக்குள் வாழ்வோரும்
(கடலூர் முதுநகரைப் பற்றிய சில எண்ணங்கள்)

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒருநாள், முதலாண்டு மாணவர்கட்கு "எனது ஊர்" என்னும் பொருள் குறித்துக் கட்டுரை வரையுமாறு பணித்திருந்தேன். அவற்றைத் திருத்துங்காலை ஒரு கட்டுரை என் கருத்தைக் கவர்ந்தது. அதனை எழுதிய மாணவர் கடலூர் முதுநகரில், மீன்பிடித் துறைமுகத்திற்கு அணித்தாயுள்ள ஒரு தெருவில் வாழ்பவர் என்பதை யான் அறிவேன். ஆயினும் அவருடைய கட்டுரையில் முதுநகர் இல்லை, துறைமுகம் இல்லை, கடல்கூட இல்லை. மஞ்சக்குப்பத்து மைதானமும், அதனைச் சூழ்ந்த பழைய அரசாங்கக் கட்டடங்களும், திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலின் கோபுரமுமே அதன்கண் நிரம்பியிருந்தன. மொழி பிழையற்றது, கையெழுத்தும் அழகியது. எனினும், அயலூரிலிருந்து ஒரு பகற்பொழுது வந்து சென்றவர் எழுதிய கட்டுரையாகவே அது தோன்றிற்று.

அவரைத் தனியே அழைத்து, "தம்பி, நீ வாழும் தெருவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே, ஏன்?" என்று வினவினேன். அவர் சிறிது தயங்கி, "ஐயா, எங்கள் தெருவில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? மீன் வாடையும் சண்டையுந்தான்" என்றார்.

அவ்விடை பல நாள் என் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. தம் தெருவைப் பற்றி அவர் கூறியது அவர் கண்டறிந்த கருத்தன்று. அத்தெருவிற்கு வெளியே வாழ்வோர் அதனைப் பற்றிக் கூறும் கருத்தையே அவர் கற்று ஒப்பித்தார். பேருந்திலும், அலுவலகத்திலும், ஒருகால் நம் வகுப்பறையிலும் அவர் அதனைக் கேட்டிருத்தல் கூடும். உழைப்போர் வாழும் பேட்டைகளைப் பற்றித் தீர்ப்புக் கூறுவோரும், அவற்றிற்கு எல்லை வகுப்போரும், அவற்றிற்காகத் திட்டம் தீட்டுவோரும் பெரும்பாலும் அவற்றின் புறத்தே வாழ்பவர். அகத்தே வாழ்வோரை உசாவி அறிந்தபின் எல்லை வகுத்தார் அரியர். இக்கல்லூரியினின்று வெளியேறி ஆசிரியராகவும், பொறிவல்லாராகவும், அரசாங்க அலுவலராகவும் அமரப்போகும் நாம் நாளை எவ்வாறு நடந்துகொள்ளப் போகின்றோம் என்பதே இக்கட்டுரையின் வினா.

கடலூர் ஒரு பெயரையுடைய பல ஊர்களின் தொகுதி. கெடிலத்தின் வடபால் மஞ்சக்குப்பம், தென்பால் திருப்பாதிரிப்புலியூர், இன்னுந் தெற்கே சென்றால் உப்பனாற்றங்கரையில் முதுநகர். கீழ்பால் கடலையடுத்துத் தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு முதலிய குப்பங்கள் உள்ளன. 1866ஆம் ஆண்டில் நகராட்சியாக்கப்பட்ட கடலூர் 2021இல் மாநகராட்சியாயிற்று. ஆயினும் மைதானத்தருகே வாழ்வோர்க்கு முதுநகர் இன்றும் தொலைவிலுள்ளதோர் ஊரே. இருப்புப்பாதை நிலையங்களும் இரண்டு: ஒன்று திருப்பாதிரிப்புலியூர், மற்றொன்று துறைமுகச் சந்திப்பு. முதல் நிலையத்தில் இறங்கித் தம் அலுவலை முடித்துத் திரும்புவோர் பலர், இரண்டாவது நிலையத்தின் மேடையை மிதித்ததேயில்லை.

முற்காலத்தில் இத்துறைமுகத்திற் பெருங்கப்பல்கள் கரையோரம் வந்து அணைவதில்லை. அவை கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்குப் படகுகள் சென்று பொருள்களை இறக்கியும் ஏற்றியும் வரும். அப்படகுகளைச் செலுத்தினோரும், மூட்டை சுமந்தோரும், வண்டியோட்டினோரும், அவர்கட்குச் சோறு சமைத்து விற்றோருமே முதுநகரை ஊராக்கியவர். இன்று கப்பற்சரக்கைக் காட்டிலும் மீனே அத்துறையின் உயிர்நாடியாக விளங்குகின்றது. விசைப்படகுகளும் சிறு பைபர் படகுகளும் நிற்கும் அத்துறைக்கு, விடியுமுன் ஒருமுறை சென்று காணுமாறு மாணவ அன்பர்களை வேண்டுகின்றேன்.

யான் சென்ற நாளில் வானம் இன்னும் வெளுக்கவில்லை. பனிக்கட்டிப் பாளங்களை இயந்திரத்திலிட்டு நொறுக்கும் ஓசையே முதலில் கேட்டது. தேநீர்க்கடையில் பாடிக்கொண்டிருந்த வானொலியின் ஒலி அதனுள் அமிழ்ந்துபோயிற்று. படகுகள் ஒவ்வொன்றாய் வந்து அணைய, மத்தியும் நெத்திலியும் சங்கராவும் தனித்தனிக் கூடைகளில் இறங்கின. ஏலம் தொடங்கிற்று. ஏலங் கூறுபவரின் குரல் அயலார்க்கு வெறுங் கூச்சலாகவே கேட்கும். அக்கூச்சலினூடே ஒருவர் விரலசைவும், மற்றொருவர் தலையசைவும் விலையாக மாறுவதைச் சிறிது நேரம் நின்று கவனித்த பின்னரே யான் அறிந்தேன். தனித்து ஒரு குவியலை வாங்க முதலில்லாத மகளிர் நால்வர் கூடி அதனை ஏலத்தில் எடுத்துத் தரையிலேயே நான்கு கூறு செய்தனர். கூறு பிரித்தவர் தம் பங்கை இறுதியில் எடுத்துக்கொண்டார். இம்முறையை அவர்கட்கு எவரேனும் கற்பித்தனரோ என்று வினவினேன். "பிரிக்கிறவள் முதலில் எடுத்தால் நாளைக்கு யார் அவளோடு கூடுவார்?" என்பதே விடை. நீதிநூலில் ஓர் அதிகாரத்திற் கூறத்தக்கதை அவ்வம்மை ஒரு வினாவிற் கூறிவிட்டார்.

படகிலும் இத்தகைய பங்கு முறையே நிலவுகின்றது. எண்ணெய், பனிக்கட்டி, உணவு ஆகியவற்றின் செலவைக் கழித்து, எஞ்சிய தொகையைப் படகுடையார்க்கும் தொழிலாளர்க்கும் பங்கிடுவர். மீன் மிகுதியாகப் பட்ட நாளில் யாவர்க்கும் மிகுதி. வெறுங்கையோடு திரும்பிய நாளில் யாவர்க்கும் வெறுங்கை. ஆகவே மாதச் சம்பளம் பெறும் நாம் கூறும் "வருமானம்" என்னும் சொல் அங்குப் பொருந்தாது. நாளை என்ன வரும் என்று அறியாதவர், இன்று வந்ததை எவ்வாறு செலவிடுவர் என்பதை நம் அளவுகோலால் அளந்து "சிக்கனமறியாதவர்" என்று கூறிவிடுகின்றோம். கீழைக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லுதல் கூடாது என்பது சட்டம். மீன் இனம் பெருகுதற்கு அத்தடை நன்றே. ஆயினும் படகு நின்றால் படகோர் மட்டுமே வேலையிழப்பதில்லை. பனிக்கட்டி சுமப்பவர், கூடை தூக்குபவர், வலை பின்னுபவர், வண்டியோட்டுபவர், தேநீர் விற்பவர் ஆகிய அனைவர் வாழ்வும் உடன் நிற்கின்றது. அரசாங்கம் மீனவர்க்கு நிவாரணத் தொகை தருகின்றது. பனிக்கட்டி சுமப்பவரோ அந்நிவாரணப் பட்டியலில் மீனவராக எண்ணப்படுவதில்லை.

அவ்விரண்டு திங்களையும் அப்பேட்டை எவ்வாறு கடக்கின்றது? கடையிற் கணக்கு வைத்தும், மகளிர் சேர்த்த சீட்டினாலும், அண்டைவீட்டுக் கைமாற்றாலும் கடக்கின்றது. திருமண வீட்டில் வைக்கும் மொய் வெறும் ஆடம்பரமென்று சீர்திருத்தம் பேசுவோர் கூறுவர். மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் அஃது ஏழைகள் தாமே நடத்தும் ஒரு வங்கி என்பது விளங்கும். யார் எவர்க்கு எவ்வாண்டில் எவ்வளவு வைத்தனர் என்பது அதன்கண் உள்ளது. அடகுமில்லை, வட்டியுமில்லை, திருப்பிச் செலுத்தாதார்க்குத் தண்டனை, ஊர்முகத்தில் தலைகுனிவு ஒன்றே. வங்கியின் வாயிலில் பிணை காட்ட இயலாத மக்கள் தம் பெயரையே பிணையாக வைத்து வாழ்கின்றனர். இதுவே அப்பேட்டையின் குணம் என்று யான் கருதுகின்றேன். அங்கு ஒருவர்க்கு உள்ள பெருஞ்செல்வம், பிறர் அவர்பால் வைத்த நம்பிக்கையே.

இவ்வாறு கூறுதலால், அங்குக் குற்றமேயில்லை என்று யான் வாதிப்பதாக எவரும் எண்ணற்க. ஏழைமையைப் புகழ்ந்து பாடுவது ஏழைக்குச் செய்யும் மற்றொரு தீங்கு. மதுக்கடை பலருடைய பங்கை அவர் வீடு சேருமுன்னரே வாங்கிக்கொள்கின்றது. சீட்டும் கைமாற்றும் உதவாத நாளில் தண்டற்காரர் வருகின்றார். கொடுக்கும்போதே ஒரு பகுதியை வட்டியாகக் கழித்துக்கொண்டு, நாள்தோறும் வாயிலில் நின்று தண்டுகின்றார். தெருவில் நீர் தேங்குகின்றது, கழிவு அகற்றப்படுவதில்லை. சுருக்குமடி வலையை 2000ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் தடைசெய்தது. 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கரையினின்று 12 கடல்மைலுக்கு அப்பால், கிழமைக்கு இருநாள் மட்டும், கட்டுப்பாடுகளோடு இடைக்கால அனுமதி வழங்கிற்று. இவ்வலையை வேண்டுவோரும் வேண்டாதாரும் எனக் குப்பங்கள் பிரிந்து நின்று பகைத்ததும் உண்டு.

இன்னுமொரு குற்றத்தையும் மறைத்தல் தகாது. 2004 டிசம்பர் 26ஆம் நாளில் எழுந்த ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கு மேற்பட்டோரைக் கொண்டது. அப்பொழுது வந்த உதவிப் பொருள்களைக் குப்பங்களின் பஞ்சாயத்தார் வீடுதோறும் சமமாகப் பங்கிட்டது பலரும் போற்றிய செய்தி. ஆனால் தமிழ்நாட்டுக் கடற்கரையிற் பலவிடங்களில், மீனவரல்லாத கூலியாட்களும் தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் அப்பங்கில் சேர்க்கப்படவில்லை என்பதும் அக்காலத்தே பதிவான உண்மை. கூறு பிரிப்பதில் அத்துணை நேர்மையுள்ள மக்களும், "நம்மவர்" என்னும் வட்டத்தை எங்கே நிறுத்துவது என்பதில் தவறினர். எல்லை வகுப்போர் செய்யும் பிழை எல்லைக்குள் வாழ்வோரிடத்தும் உண்டு என்பதற்கு இது சான்று.

எல்லை என்னும் சொல் கடலூர்க்குப் புதிதன்று. 1690ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கும்பினியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையைச் சூழ்ந்த நிலம் எவ்வளவு என்பதை அளந்து அறியக் கயிறும் கோலும் கொள்ளவில்லை. கோட்டையினின்று பீரங்கி சுட்டனர். குண்டு சென்று விழுந்த தொலைவளவும் உள்ள ஊர்கள் கும்பினிக்கு உரியவாயின. அவ்வூர்கட்குக் குண்டுக் கிராமங்கள் என்றே பெயர் வழங்கிற்று. புனித தாவீது கோட்டை என்று பெயர் பெற்ற அக்கோட்டை 1758இல் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டு இடிந்தது. இன்று சில சுவர்களே எஞ்சியுள்ளன. ஆனால் அக்குண்டு விழுந்த வயலில் அன்று உழுதுகொண்டிருந்தவரை, "ஐயா, உம்முடைய ஊர் இன்றுமுதல் எமக்கு உரியது, உமக்கு உடன்பாடோ?" என்று கேட்டார் யார்? தொலைவில் நின்று எல்லை வகுக்கும் வழக்கம் அக்கோட்டையோடு இடிந்துவிடவில்லை.

முதுநகரினின்று சிதம்பரத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலையிற் பேருந்தேறிச் செல்வோர் சிறிது தொலைவிலேயே மூக்கை மூடிக்கொள்வதைக் காணலாம். 1980களில் அங்கே உப்பனாற்றின் ஓரமாகச் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி முதலிய இரசாயனப் பொருள்களின் ஆலைகள் எழுந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் முதலிய சிற்றூர்கள் அவ்வாலைகட்கு அண்டைவீடுகளாயின. பலர்க்கு வேலை கிடைத்தது. அதனை மறுத்தல் நன்றிகொன்ற செயலாகும். ஆனால் காற்றும் நீரும் மாறின. பேருந்தில் செல்லும் நாம் சில நிமிடம் மூக்கை மூடிப் பின் கையை எடுத்துவிடுகின்றோம். அங்கே உறங்குவோர் கையை எவ்வளவு நேரம் மூக்கில் வைத்திருத்தல் கூடும்?

அவ்வூரார் செய்ததோ கற்றறிந்தார் செய்திருக்கவேண்டிய செயல். சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்போர் என்னும் குழுவாகச் சேர்ந்து, எந்நாளில், எந்நேரத்தில், எத்திசைக் காற்றில், எவ்வகை வாடை வந்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினர். 1990களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிற் புனையப்பட்ட ஓர் எளிய கருவி உண்டு. வாளி ஒன்றினுள் பை ஒன்றைப் பொருத்திக் காற்றை அதனுள் இழுத்துச் சேர்த்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பும் வகையினது அது. 2004ஆம் ஆண்டில் கடலூர்ச் சிற்றூரார் அவ்வாளியைக் கையாண்டு தம் காற்றிற் கலந்துள்ள நச்சுப்பொருள்களை வெளிப்படுத்தினர். பட்டம் பெறாத கைகள் செய்த ஆராய்ச்சி அது. இரசாயன நூலை நம் கூடத்திற் பயிலும் மாணவர்கள் இச்செய்தியை ஒருமுறை தம் உள்ளத்தில் வைத்து எண்ணுவாராக. வாடை தாங்குபவரைக் காட்டிலும் வாடையை அறிந்தவர் யார்? அவர்கள் அறிவு முன்னரே கேட்கப்பட்டிருப்பின், எவ்வளவு துன்பம் குறைந்திருக்கும்!

ஆழிப்பேரலைக்குப் பின்னர் மற்றோர் எல்லை வகுக்கப்பட்டது. 2005 மார்ச்சில் அரசாங்கம் ஆணையொன்று பிறப்பித்தது. கடலின் உயர்அலைக் கோட்டினின்று 200 மீட்டருக்குள் வீடிழந்தோர், அதற்கப்பால் செல்ல இசைந்தால் ஒன்றரை இலட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு இலவசமாகப் பெறுவர். இருந்தவிடத்தே இருக்க விரும்புவோர் தம் வீட்டைத் தாமே பழுதுபார்த்துக் கொள்ளலாம், அரசாங்க உதவி இல்லை என்பது அவ்வாணையின் சாரம். உயிரைக் காக்கும் நோக்கம் அதன்கண் உண்டு என்பதை ஐயுறுதல் நேர்மையன்று. 2011 டிசம்பர் 30இல் கடலூர்க்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயலையும், 2015ஆம் ஆண்டின் இறுதியில் பெருகிய வெள்ளத்தையும் கண்டோர், கடலோர வாழ்வின் இடரை அறியாதவரல்லர்.

ஆயினும் வீடு என்பதை நால்வகைச் சுவரும் கூரையுமாக மட்டும் எண்ணுவோர்க்கே 200 மீட்டர் என்பது சிறு தொலைவு. மீனவர்க்கு வீட்டின் முற்றம் கடற்கரை. வலையை உலர்த்துவதும், பழுதுபார்ப்பதும், நீரின் நிறத்தைக் கண்டு மீன் வரவை அறிவதும், கொண்டலோ கச்சானோ என்று காற்றை முகர்ந்து புறப்படுவதும் அம்முற்றத்திலேயே. கருவாடு உலர்த்தும் மகளிர்க்கு மணற்பரப்பே தொழிற்சாலை. புதிய வீடுகளில் வலைக்கு இடம் எங்கே, இயந்திரத்தை இரவில் யார் காப்பது, விடியுமுன் துறைக்கு எவ்வாறு செல்வது என்னும் வினாக்கள் கூரை போட்ட பின்னரே எழுந்த இடங்கள் பல. முன்னரே கேட்டிருப்பின் செங்கல் ஒன்றும் மிகுதியாகச் செலவாகியிராது.

சிறியதோர் எடுத்துக்காட்டும் கூறுவேன். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டிற் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம். உழைக்கும் மகளிர்க்கு அஃது ஒரு பெருநன்மை. ஆனால் அவ்வாண்டு டிசம்பரிலேயே குமரி மாவட்டத்துக் குளச்சலில் மீன் விற்கும் முதியவள் ஒருத்தி, வாடை வீசுகின்றதென்று பேருந்தினின்று இறக்கிவிடப்பட்டாள். நாடே அதனைக் கண்டித்தது. சட்டம் அவளுக்கு இருக்கை தந்தது. அவளுடைய அன்னக்கூடைக்கு இடம் தர மறந்தது. கூடையின்றி அவளுக்கு அப்பயணத்தால் ஆவது என்ன? திட்டம் வகுத்தோர் விடியற்காலையில் முதுநகர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஒருநாள் நின்றிருப்பின், கூடை வைக்கும் மூலை ஒன்றைப் பேருந்திலேயே அமைத்திருப்பர்.

"எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்தச் செயலும் நடவாதே" என்று நடைமுறை அறிந்த அன்பர் சிலர் கூறுவர். அவர் கூற்றில் உண்மை உண்டு. எல்லையே வேண்டாம் என்பது என் கருத்தன்று. அலை வருமிடத்தில் எல்லை வேண்டும். ஆலை எழுமிடத்தில் எல்லை வேண்டும். உசாவுதல் காலத்தை வீணாக்கும் என்னும் எண்ணமே தவறு. உசாவாமற் கட்டி, பின் பூட்டிக் கிடக்கும் வீடுகளும், மீனவர் ஏறாத படித்துறைகளும், நீர் வாராத குழாய்களும் விழுங்கிய காலத்தையும் பொருளையும் கணக்கிட்டால் எது வீண் என்பது புலனாகும்.

கல்வி உழைப்போர் வாழுமிடத்திற்கே செல்லும்போது எத்தகைய பயன் விளையும் என்பதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். கோயிலைச் சூழ்ந்த தேர்வீதிகளின் புறத்தே, வயற்கூலிகளாக வாழ்ந்த தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகட்காக ஓமக்குளத்தருகே பள்ளியும் விடுதியும் வளர்ந்தன. சட்டமன்றத்திலும் அமர்ந்து அம்மக்கட்காக வாதாடிய அவர், 1959இல் இயற்கை எய்துமளவும் அப்பணியை விடவில்லை. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றுதற்கு முன்னரே, பள்ளியின் வாயிலைக் கண்டிராத குழந்தைகட்கு அவர் எழுத்தறிவித்துக் கொண்டிருந்தார். தம் பள்ளியை எங்கே வைப்பது என்பதிலேயே அவருடைய கல்விக் கொள்கை முழுதும் அடங்கியிருந்தது.

முதுநகரே ஈன்ற அஞ்சலையம்மாளையும் நாம் மறத்தல் கூடாது. 1890இல் அங்குப் பிறந்த அவ்வம்மை, 1927இல் சென்னையில் நடந்த நீலன் சிலை அகற்றும் போரில் ஈடுபட்டுச் சிறைசென்றார்; 1937இல் சட்டமன்ற உறுப்பினரானார். எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று நம் மாணவர் கூறிய ஊர் அவரைத் தந்த ஊர்.

எழுத்தாளர் இருவரையும் இவ்விடத்தே நினைவுகூர்வேன். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர் புதுமைப்பித்தன். 1934இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர் ஜெயகாந்தன். முன்னவர் 1934இல் எழுதிய "பொன்னகரம்" என்னும் சிறுகதை சென்னையில் உழைப்போர் வாழும் ஒரு பேட்டையைப் பற்றியது. பின்னவரோ பள்ளிக் கல்வியை இளமையிலேயே விட்டு, சென்னையில் பலவகை வேலைகள் செய்து, சேரி மக்களோடு பழகி, அவர்கள் வாழ்வைத் தமிழிலக்கியத்தின் நடுவீட்டிற் கொணர்ந்து அமர்த்தி, 2002ஆம் ஆண்டிற்குரிய ஞானபீடப் பரிசையும் பெற்றார். இருவரும் கடலூர் மண்ணிற் பிறந்தவர். இருவர்க்கும் உழைப்போர் பேட்டை சென்னையிற் கண்ட காட்சியாய் அமைந்தது. நம் துறைமுகத்தை எழுதும் கடமை, அங்கே பிறந்து இங்கே கற்கும் உங்களில் ஒருவர்க்கு ஏன் உரியதாகலாகாது?

ஆதலின் மாணவ அன்பர்கட்கும் ஆசிரிய நண்பர்கட்கும் மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன். முதலாவது, துப்புரவுப் பணி செய்யவும், அறிவுரை வழங்கவும் அங்குச் செல்லுமுன், கேட்டு எழுதுவதற்குச் செல்லுங்கள். ஒரு குடம் நல்ல நீர் எங்கிருந்து வருகின்றது, தண்டலுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு செல்கின்றது, தடைக்காலத்தில் எவ்வேலை கிடைக்கின்றது என்பவற்றை அவர்கள் சொல்லக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மாலைப் பள்ளி நடத்த விரும்புவோர் நம் கடிகாரத்தை நோக்காது, படகு வரும் நேரத்தையும் சந்தை கலையும் நேரத்தையும் நோக்கிப் பொழுதைக் குறியுங்கள். மூன்றாவது, பழைய மாணவர்களாகிய பெரியோர்க்கு: உங்கள் மேசைமேல் ஒரு நிலப்படம் விரிக்கப்பட்டு, அதன்மேற் கோடொன்று இழுக்கக் கையில் எழுதுகோல் தரப்படும் நாளில், அக்கோடு எந்த வீட்டின் முற்றத்தின்மேற் செல்கின்றது என்று நேரிற் சென்று பார்த்த பின்னரே கையெழுத்திடுங்கள்.

இனி, தொடங்கிய செய்திக்குத் திரும்புவேன். அம்மாணவரைக் கட்டுரையை மீண்டும் எழுதுமாறு கேட்டுக்கொண்டேன். இரண்டு கிழமை கழித்துப் பதினொரு பக்கங்கள் கொணர்ந்து தந்தார். மொழியிற் பிழைகள் இருந்தன. முன்னைய கட்டுரையின் ஒழுங்கு இல்லை. ஆனால் அவருடைய அன்னையார் செவுளின் நிறத்தையும் கண்ணின் தெளிவையும் கண்டு இருளிலேயே நன்மீனைத் தேரும் வகையும், பேரலை வந்த நாளில் அவருடைய பாட்டியார் பிறர் குழந்தைகள் இருவரை மாடிக்குத் தூக்கிச்சென்ற வரலாறும், தெருச்சண்டை ஒன்று எவ்வாறு மூண்டு, யார் சொல்லால் அடங்கிற்று என்பதும் அதன்கண் இருந்தன. மீன் வாடையும் இருந்தது. அதனை அவர் மறைக்கவில்லை.

அதனைப் பெற்றுக்கொண்டபோது அவர் ஒரு வினா வினவினார். "ஐயா, இதையெல்லாம் யார் படிப்பார்கள்?"

யான் உடனே விடை கூறவில்லை. இம்மலரைக் கையிற் கொண்டிருக்கும் அன்பர்களே, அவ்வினாவிற்கு விடை நீங்களே.